மூன்று ஹெல்மெட்டும் ஒரு கிழிந்த பக்கமும்

நம் அறக்கட்டளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் பட்டம் வாங்கியவர்கள் என்று செயலாளர் அம்மா சொன்னார்கள். ஒருவருக்கு இரண்டு பட்டமாம். நல்லது. நான் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போன முதல் நாள் வாத்தியார் லீவு. அதை நான் நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டேன். இருந்தும் ஒன்பது வருடம் இந்தப் பயண உதவித்தொகைக்கு ஆள் பொறுக்கியவன் நான்தான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பயணமும் புறப்பட்டதில்லை. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது கொஞ்சம் தாமதம், ஆனால் போட்டால் அழகாக இருக்கும். கோப்புகளில் பாருங்கள்.

நான் ஓய்வு பெறும் நாளில் உங்களிடம் பேசச் சொல்லியிருக்கலாம். எழுதிக் கொடுங்கள் என்றார் அம்மா. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்ற பயம். அது நியாயமான பயம்தான்.

இங்கே வருவதற்கு முன் முப்பது வருடம் ரிக்கர் வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓடுகிற பெரிய மெஷின்களில் பாதி, நான் ஸ்லிங் கட்டிக் கிரேனில் தூக்கி இறக்கியவை. மீதிப் பாதியை நான் இறக்கியிருந்தால் இன்னும் நேராக நின்றிருக்கும். ஒரு பொருளைக் கையால் ஒரு தட்டுத் தட்டினால் எடை சொல்வேன். இந்தப் பெருமை எதற்கு என்றால், அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டதே அதற்காகத்தான். இந்த உதவித்தொகையை வைத்துவிட்டுப் போன பட்டறை முதலாளிக்கு என்னைத் தெரியும். பிள்ளை இல்லாத மனிதர். வாழ்நாள் முழுக்கப் பட்டறையை விட்டு வெளியே போகாதவர். கடைசியில் தன் பணத்தை, தொழிற்சாலை ஆட்கள் யாரும் போகாத வழியில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று எழுதி வைத்தார். நான்கு விதி போட்டார். டிக்கெட் கவுன்ட்டர் இருக்கும் இடம் கணக்கில் வராது. போகிற இடத்துக்குத் தொந்தரவு கூடாது. கொண்டுபோன பொருள் அத்தனையும் திரும்பி வரவேண்டும். வந்ததும் போன வழியைப் படமாக வரைந்து கொடுக்க வேண்டும். படம் முழுதாக இருந்தால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. முடித்தவருக்குத்தான் அடுத்து ஒரு பெரிய பயணம் கேட்கும் தகுதி.

விண்ணப்பத்தை நீங்கள் படிப்பீர்கள். நான் பையைத் தூக்குவேன். நேர்காணலுக்கு வருபவர் மூட்டை கட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்பது நான் கொண்டுவந்த வழக்கம். பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார், மலையில் நான்கு நாள் தங்கப் போகிறேன் என்று. பையைத் தூக்கினேன். “பதினெட்டு கிலோ. இதுல அஞ்சு கிலோ பயம்” என்றேன். திறந்து பார்த்தால் இஸ்திரிப் பெட்டி. வீடியோவில் சட்டை கசங்கித் தெரியக் கூடாதாம். “எங்கப்பா சொருகுவ?” என்று கேட்டேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை எடுத்துக் காட்டினார். அதை எங்கே சொருகுவது என்று அவரும் யோசிக்கவில்லை. அவரை அனுப்பவில்லை. இப்படிச் சரியாகச் சொன்னவை நூறு இருக்கும். நான் தப்புச் செய்தது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் எழுதச் சொன்னார்கள். எனக்கு இஷ்டமில்லை, எழுதுகிறேன்.

எஸ்தர் என்று ஒரு பெண். கம்பெனியில் பாகங்களை அளந்து பார்த்துத் தேறியது, தேறாதது பிரிக்கும் வேலை. அவள் காண்டீன் ஜன்னலுக்கு நேரே ஒரு சின்ன மதகு. மழைக்காலத்தில் அதன் வழியே தண்ணீர் ஓடும். ஐந்து வருடமாகச் சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு கேள்வி. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? லைனில் யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்வைசர் “மேலேர்ந்து” என்றாராம். மதகிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி, அந்த ஏரிக்குத் தண்ணீர் தரும் மேல் ஏரி என்று எதிர்த்திசையில் நடந்தே போய், முதல் சொட்டைப் பார்த்துவிட்டு வரவேண்டும். கூட அதே லைனில் இருக்கும் கோமதி. ஆறு நாள்.

பையைத் தூக்கினேன். ஆறு கிலோ. பயமே இல்லாத பை. உடனே சரி என்றேன்.

அவள் கண் அதற்கும் அப்பால் இருந்தது. இதை முடித்துவிட்டால் அடுத்த வருடம் பெண்களாகவே சேர்ந்து கொசஸ்தலை ஆற்றை முழுக்க நடப்பதற்குக் கேட்கலாம். ஆறு நாள் லீவுக்கு லைனில் எல்லோரிடமும் ஷிப்ட் மாற்றிக் கடன்பட்டிருந்தாள். “ஒரு தபா போய்க்கினு வா. ரெண்டாவது தபா கேக்காத” என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். ஆக இது முடிந்தால்தான் அடுத்தது. முடியாவிட்டால் எல்லாம் அதோடு போச்சு.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. பாதுகாப்பு என்றால் எனக்கு முப்பது வருடமாக ஒரே அர்த்தம். மூன்று ஹெல்மெட், மூன்று ஜோடி சேஃப்டி ஷூ, இருட்டிலும் மின்னும் பட்டை போட்ட மூன்று ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். ஒரு செட் எனக்கு. கடைசி இரண்டு நாள் சரிபார்க்கும் ஆளாக நானும் கூட நடக்க வேண்டும்.

“மேஸ்திரி, ஏரிக்கரைல நடக்கப் போறோம். எதுக்கு ஹெல்மெட்டு? மேலேர்ந்து இன்னா உழும்?” என்றாள் எஸ்தர்.

“பனங்காய் உழும்” என்றேன்.

அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் காலை, நான்காவது ஏரிக்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இரண்டு பேரும் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எனக்குப் பெருமை. பக்கத்தில் போனால், ஹெல்மெட்டில் விலை ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. ஜாக்கெட்டில் கடை மடிப்புக் கலையவில்லை. ஷூவின் அடியில் ஒரு பொட்டு மண் இல்லை. நான்கு நாளும் பைக்குள் இருந்த சாமான், என் பஸ் வரும் நேரம் பார்த்து வெளியே வந்திருக்கிறது. பை எடையைக் கண்டுபிடிப்பவனை இரண்டு பெண்கள் எடை போட்டுவிட்டார்கள்.

கோபம் வரவேண்டும். அதற்குள் கோமதி கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வழியெல்லாம் எந்த ஊரிலும் தடையில்லையாம். “தண்ணி எங்கேர்ந்து வருதுனு பாத்துகினு போறோம்” என்றால் சிரிப்பார்களாம், அப்புறம் வழி காட்டுவார்களாம். ஒரு ஊரில் நாஷ்டா, ஒரு ஊரில் மோர், ஒரு ஊரில் படுக்கக் கோயில் மண்டபம். இதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. “இனிமே நான் இருக்கேன், கவலப்படாதீங்க” என்றேன். அதுவரை அவர்கள் கவலைப்படவே இல்லை என்பதை அப்புறம்தான் யோசித்தேன்.

ஐந்தாவது ஏரியில் தண்ணீர் வற்றிச் சேறு மட்டும் இருந்தது. சுற்றிப் போகலாம் என்றாள் எஸ்தர். நான் குறுக்கே போனேன். சேஃப்டி ஷூவின் முன்பக்கம் இரும்பு என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சேற்றுக்குத் தெரிந்திருந்தது. பாதி ஏரியில் முழங்கால் வரை இறங்கி நின்றேன். நாற்பது டன் பாய்லரைத் தூக்கி நிறுத்தியவனை, துப்பட்டா முடிச்சுப் போட்டு இரண்டு பெண்கள் இழுத்தார்கள். “மேஸ்திரி, நீங்க எவ்ளோ கிலோ?” என்று நடுவில் கேட்டாள் கோமதி. மற்றவர்கள் எடைதான் எனக்குத் தெரியும்.

கரையேறி, அந்த ஏரிக்கு வந்து சேரும் மூன்று கால்வாய்களில் ஒன்றைப் பிடித்து மேலே நடந்தோம். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அது தெரிந்தால்தான் என் தப்பு எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த ஃபோர்மேன் பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தன் பெயரை யாராவது சொன்னால் பிடிக்காது. அவர் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். கிரேனைத் தூக்கு, இறக்கு, திருப்பு என்று சைகை காட்ட ஒரே ஒரு ஆளுக்குத்தான் அதிகாரம். ஆனால் நிறுத்து என்று காட்ட எல்லோருக்கும் அதிகாரம் உண்டு. பெருக்குகிற அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் நின்ற பிறகு. இந்தப் பாடத்தை நம் விண்ணப்பப் படிவத்தில் சேர்த்தவனே நான். குழுவில் யார் நிறுத்து என்றாலும் எல்லோரும் நிற்க வேண்டும் என்று ஆறாவது பத்தியில் இருக்கிறது பாருங்கள், அது என்னுடையது.

கால்வாய் திரும்பும் இடத்தில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டு நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து வயது. எங்களைப் பார்த்ததும் கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். என் ஃபோர்மேன் காட்டுவது மாதிரியே.

எஸ்தர் நின்றுவிட்டாள். “மேஸ்திரி, நில்லுனு காட்டறாங்க.”

“கையாட்டிக் கூப்புடுறாங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அது கூப்பிடுவது இல்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் அந்தக் கையைப் பார்த்து நின்றவனுக்குத் தெரியாதா? ஆனால் அவர் நம் குழுவில் இல்லையே என்று நினைத்தேன். இன்னும் ஒரு மைல் போனால் முதல் சொட்டு. போட்டோ எடுத்தால் அலுவலகச் சுவரில் மாட்டலாம். நடுவில் நான் நிற்கும் போட்டோ.

ஊர் முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள். ஆட்டுக்காரப் பெண் குறுக்கு வழியில் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். மங்கம்மா என்று கூப்பிட்டார்கள். அந்த ஊரில் அவர் சொல்தான் செல்லும் என்று பார்த்ததும் தெரிந்தது.

“இன்னா நைனா, அளக்க வந்தீங்களா?” என்றார்.

“அளக்கலமா, பாக்க வந்தோம்.”

“பாத்துட்டுதான் அளப்பாங்க. போன தபா மூணு பேரு வந்தாங்க. இதே ஹெல்மெட்டு, இதே சட்ட. தாகம்னாங்க, மோரு குடுத்தோம். குடிச்சிட்டு நல்லா கீதுனாங்க. அடுத்த மாசம் எங்க மேச்சல்ல வரிசையா கல்லு நட்டு வெச்சிகிறாங்க.”

எனக்கு அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் எப்படித் தெரிகிறோம் என்று தெரிந்தது. இந்தப் பக்கத்து மலையடிவாரத்தில் மின்னும் ஜாக்கெட் போட்டு மூன்று பேர் நடந்து வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்பதை, இதே பக்கத்தில் பிறந்த நான் யோசிக்கவில்லை. கம்பெனிக்குள்ளேயே முப்பது வருடம் இருந்தவனுக்கு அது வெறும் சட்டை.

இரண்டு தப்பு சேர்ந்தாற்போல் செய்தேன். முதலில், சீல் வைத்த அறக்கட்டளைக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். “சீலு வேற வெச்சிகிறாங்கடா” என்றது ஒரு குரல். கூட்டம் இரண்டடி முன்னால் வந்தது. அடுத்து, நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தேன். நாற்பது டன் பாய்லரைத் தூக்கி நிறுத்திய ஆள் என்று.

“கம்பெனிக்குத் தூக்கிக் குடுக்கற ஆளா நீ?” என்றார் மங்கம்மா. “எங்க நெலத்தயும் அப்படியே தூக்கினு போலாம்னு வந்தியா? நடுவுல நிக்கறவரு கம்முனு இருங்க. புள்ளைங்க பேசட்டும்.”

வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் சம்சாரத்தைத் தவிர.

எஸ்தர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். ஷூவை அவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தாள். வெறுங்காலோடு மண்ணில் உட்கார்ந்து, ஐந்து நாளாக வரைந்த நோட்டைத் திறந்து மங்கம்மாவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நான் கம்பெனிலதான் வேல செய்றேன் அக்கா. பொய் சொல்ல மாட்டேன். இத்த படிச்சிக் காட்டறேன். தப்பு இருந்தா சொல்லுங்க. வாணான்னா வந்த வழியே போய்டறோம்.”

காண்டீன் மதகிலிருந்து ஆரம்பித்தாள். எந்தக் கால்வாய், எங்கே புதர், எந்த ஏரியின் கரை எங்கே உடைந்திருக்கிறது, எந்த ஊரில் யார் மோர் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக. மூன்றாவது ஏரி வரும்போது பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்து குனிந்தார்கள். நான்காவது ஏரியில் ஒருவர், “அந்தக் கர ஒடஞ்சி நாலு வருசமாச்சி, அந்த ஊருகாரனுங்க சோம்பேறிங்க” என்றார். ஐந்தாவது முடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்:

“அப்போ எங்க ஊத்துத் தண்ணிதான் நீ சோறு துன்ற எடத்துக்கு வருதா?”

“ஆமா தாத்தா.”

“அவ்ளோ தூரம் வந்து இன்னா நெறத்துல இருக்கு?”

எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள். “செம்மண் நெறந்தான். ஆனா குடிக்க மாட்டோம். யாரும் குடிக்க மாட்டாங்க.”

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். இறங்கிப் போகும் தண்ணீரைப் பார்த்தே பழகிய ஊருக்கு, அது போய்ச் சேர்ந்த சேதியைக் கொண்டுவந்த முதல் ஆள் அவள்தான். யாரோ மோர் கொண்டுவந்தார்கள். எனக்குக் கடைசியில் கொடுத்தார்கள்.

மங்கம்மா எழுந்தார். “ஊத்தக் காட்டறேன். ரெண்டு விசயம். இந்த ஹெல்மெட்டு சட்டயெல்லாம் இங்கயே இருக்கட்டும். ஊத்து எங்க இருக்குனு இந்த நோட்டுல வரக் கூடாது.”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். படம் முழுதாக இல்லாவிட்டால் பயணம் முடிந்ததாகக் கணக்கில்லை. விதி எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் பேரம் பேசினேன். “ஒரே ஒரு புள்ளி வெச்சிக்கறோம்மா. பேருகூட எழுதல.”

“புள்ளி வெச்சா வழி வரும். வழி வந்தா வண்டி வரும்.”

“சின்னப் புள்ளிம்மா. கண்ணாடி போட்டாதான் தெரியும்.”

எஸ்தர் உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். “நிறுத்துங்க மேஸ்திரி.”

நின்றேன். இந்த முறை நின்றேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்தாவது ஏரிக்கு மேலே வரைந்த கால்வாய் இருந்தது. அந்தப் பக்கத்தை மெதுவாகக் கிழித்து மங்கம்மாவிடம் கொடுத்தாள். கொசஸ்தலை ஆறும் அதோடு போகிறது என்று தெரிந்தே கொடுத்தாள். கோமதிதான் மூக்கை உறிஞ்சினாள். மங்கம்மா பக்கத்தை நான்காக மடித்து இடுப்பில் வெற்றிலைப் பைக்குள் செருகிக்கொண்டு, “செருப்பு போட்டுக்கினு வாங்க, முள்ளு” என்றார். எனக்கு யாரோ ஒருவர் தன் ரப்பர் செருப்பைக் கொடுத்தார்.

பார்த்தோம். ஒரு பாறைக்கு அடியில், சுண்டு விரல் தடிமனில் வந்துகொண்டிருந்தது. “இதுக்கா ஆறு நாளு?” என்றாள் கோமதி. எஸ்தர் அதன் கீழே கையை வைத்தாள். கை நிறைய வெகு நேரம் ஆனது. நிறைந்ததும் குடித்தாள். போட்டோ எடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பி வந்தால் ஒரு ஹெல்மெட்டில் கோழி உட்கார்ந்திருந்தது. எழுப்பாதீர்கள் என்றார் மங்கம்மா. மற்ற இரண்டையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை; ஜாக்கெட்டையும் ஷூவையும் மட்டும் பையில் கட்டிக்கொண்டோம். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற விதியை மீறிய ஒரே சரிபார்க்கும் ஆள் நான்தான். மூன்று ஹெல்மெட் குறைகிறது என்று கோப்பில் இருக்கும். காரணம் “கோழி” என்று என் கையெழுத்தில் இருக்கும்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் செயலாளர் அம்மா நோட்டைப் புரட்டினார். தலைமையாசிரியையாக இருந்தவர், நோட்டில் பக்கம் குறைந்தால் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

“ஐந்தாவது ஏரியோடு நிற்கிறதே. மீதி எங்கே?”

எஸ்தர் கைகட்டி நின்றாள். “அவ்ளோதான் மேடம்.”

“அப்படியானால் முடிக்கவில்லை என்றுதானே எழுத வேண்டும்?”

“எழுதுங்க மேடம்.”

“எழுதாதீங்க” என்றேன். “முடிச்சிட்டா. என் கண்ணால பாத்தேன்.”

“எங்கே பார்த்தீர்கள்?”

“அத்த சொல்ல மாட்டேன்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களா? சொல்ல மாட்டீர்களா?”

என்னை ஒன்பது வருடமாகத் தெரிந்தவர். டீ சொன்னார். வடையும் சொன்னார். ஊற்று எப்படி இருந்தது என்று சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டார். எந்தப் பக்கத்து மலை என்றார். முதலில் கண்டுபிடித்தது நீங்கள்தானாமே என்றார். அந்தக் கடைசிக் கேள்விக்கு என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வடையை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். டீ ஆறிப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். “இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்” என்று சொல்லி, ‘முடிந்தது’ என்று எழுதினார். எஸ்தர் அப்போதும் அழவில்லை. வெளியே போய்க் கோமதியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

கொசஸ்தலை ஆற்றை ஏழு பெண்கள் நடந்து முடித்த கோப்பு இரண்டாவது அலமாரியில் இருக்கிறது. தலைவி யார் என்று உங்களுக்கே தெரியும். பையில் ஹெல்மெட் இல்லை என்பதையும் நானே தூக்கிப் பார்த்தேன். படிவத்தின் ஆறாவது பத்தியில் ‘குழுவில் யார்’ என்றிருந்ததை ‘அந்த இடத்தில் யார்’ என்று மாற்றியதும் நான்தான். படித்தவர்கள் எழுதிய மற்ற பத்திகளை எல்லாம் மாற்றினாலும் மாற்றுங்கள், அதைத் தொடாதீர்கள்.

உங்களில் இரண்டு பட்டம் வாங்கியவர் இந்நேரம் அந்த நோட்டைத் தேடி எடுத்திருப்பார். எடுங்கள். ஐந்தாவது ஏரிக்கு மூன்று பக்கமிருந்து தண்ணீர் வருகிறது. எந்தப் பக்கம் என்று நான் எழுதவில்லை. எந்தக் கம்பெனி என்றும் எழுதவில்லை. மங்கம்மா என்பது அவர் பெயர் இல்லை. தலைகால் தெரியாமல் பெருமை அடித்துக்கொண்டு போகிறான் கிழவன் என்றுதானே படித்துக்கொண்டு வந்தீர்கள்? திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள், எங்கேயாவது ஒரு புள்ளி வைத்திருக்கிறேனா என்று.

நேரில் வந்து கேட்கலாம் என்று யாராவது நினைத்தால் தாராளமாக வரலாம். நாற்பது டன் பாய்லரைத் தூக்கி நிறுத்திய கதையைச் சொல்வேன். மூன்று மணி நேரம் ஆகும். வடை நீங்கள் வாங்கி வாருங்கள்.